அது துணிக்கொடி இல்லை

விழுந்தவர் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிக்காதே. நான் இந்த வேலைக்கு வந்த முதல் நாள் எனக்குச் சொல்லித் தரப்பட்டது இந்த ஒரு வரிதான். சொன்னவர் அதற்கு மேல் ஒன்றும் விளக்கவில்லை, பையைத் தூக்கிக்கொண்டு பஸ் பிடிக்கப் போய்விட்டார். இன்சூரன்ஸ் நஷ்டக் கணக்கெடுக்கப் புதிதாக வந்திருக்கிற உங்களுக்கு இப்போது பத்து நாள் பயிற்சி, படம் போட்ட பாடம், பரீட்சை எல்லாம் இருக்கிறது. நல்லதுதான். ஆனால் தண்ணீர் விஷயத்தை யாரும் சொல்வதில்லை என்று கேள்விப்பட்டேன். நீங்கள் யார் வீட்டுக்கும் போவதே இல்லையாமே, அப்புறம் எதற்குச் சொல்வார்கள்?

அடிபட்டவர் செல்போனில் போட்டோ அனுப்புகிறார். ஆஸ்பத்திரிச் சீட்டு அனுப்புகிறார். நீங்கள் அதைக் கணினியில் ஏற்றுகிறீர்கள், அது ஒரு தொகையைச் சொல்கிறது. வழுக்கி விழுந்த இடுப்புக்கு இவ்வளவு, மணிக்கட்டுக்கு இவ்வளவு. அதைக் குறை சொல்ல நான் வரவில்லை. நாங்கள் மனக்கணக்காகப் போட்டதைத்தான் அதுவும் போடுகிறது. வைத்தியச் செலவு, போன வருமானம், பட்ட வலி, கூட இருந்து பார்த்துக்கொண்டவருக்கான செலவு, இனிமேல் வரப்போகிற செலவு. அந்தக் கடைசி இரண்டைப் பற்றித்தான் உங்களிடம் பேச வேண்டும்.

என் ஊர் திருத்தணி. இன்சூரன்ஸ் கம்பெனி சொன்னால் போய், விழுந்தவரைப் பார்த்து, விழுந்த இடத்தைப் பார்த்து, என்ன கொடுக்கலாம் என்று எழுதித் தருவது என் வேலை. மலையடிவாரத்தில் கல்யாண மண்டபத்துக்குப் பஞ்சமில்லை. மலைமேல் தாலி கட்டிவிட்டுக் கீழே வந்து சாப்பிடுகிற ஊர். முகூர்த்த நாளில் ஒரே மண்டபத்தில் காலையில் ஒரு கல்யாணம், சாயங்காலம் ஒரு வரவேற்பு. நடுவில் தரையைக் கழுவி விடுவார்கள். கழுவிய தரையில் யாராவது ஒருவர் விழுவார். எனக்குச் சோறு போட்டது அந்த ஈரத் தரைதான்.

சொந்த ஊரிலேயே இந்த வேலை பார்ப்பதில் ஒரு கஷ்டம் உண்டு. கடைக்காரர், மண்டபக்காரர், ஓட்டல்காரர் எல்லோரும் என்றைக்காவது எனக்குக் கேஸாக வரலாம். அதனால் யாரிடமும் ஒட்டிக்கொள்ள முடியாது. கல்யாணப் பத்திரிகை வந்தால் மொய் மட்டும் வைத்துவிட்டு, சாப்பிடாமல் திரும்பிவிடுவேன். "அவரா, பெரிய மனுஷன், நம்ம வீட்டுல கை நனைக்க மாட்டாரு" என்று என் காதுபடவே சொல்லியிருக்கிறார்கள். என் மனைவி இருந்தவரைக்கும் வீட்டிலாவது பேச்சுத் துணை இருந்தது. அவள் போனபிறகு, பஜாரில் நடந்தால் எல்லோரும் வணக்கம் சொல்வார்கள், ஒருவரும் நிற்க மாட்டார்கள்.

அந்தக் காலத்தில் என்னிடம் ஒரு தந்திரம் இருந்தது. கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், அதனால் சொல்கிறேன். சந்தேகம் வந்தால் மலைக் கோயில் திருநீற்றை ஒரு பொட்டலமாகப் பையில் வைத்துக்கொண்டு போவேன். கனகம்மாசத்திரத்துக்காரர் ஒருவர், கடைப் படியில் வழுக்கியதில் வலது கையைத் தூக்கவே முடியவில்லை என்று கேட்டிருந்தார். கையில் கட்டு, முகத்தில் வேதனை, முனகல் எல்லாம் பிரமாதம். பேசிவிட்டுக் கிளம்பும்போது, "முருகன் பிரசாதம், எடுத்துக்குங்க" என்று பொட்டலத்தைப் பிரித்து நீட்டினேன். மனுஷன் படக்கென்று வலது கையை நீட்டி வாங்கி, நெற்றி முழுக்கப் பூசிக்கொண்டார். நம் பக்கத்தில் திருநீற்றை இடது கையால் வாங்க யாருக்கு மனசு வரும்? பூசி முடித்த பிறகுதான் அவருக்குத் தன் கை ஞாபகம் வந்தது. நான் செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

இனி ரேணுகாம்மா கேஸ். பொதட்டூர்பேட்டைக்காரர், அறுபதைத் தாண்டியவர். கணவர் இல்லை, பிள்ளை இல்லை. வீட்டுக்குள்ளேயே ஒரு விசைத்தறி, அதில் லுங்கி நெய்து பிழைப்பு. சொந்தக்காரர் கல்யாணத்துக்கு வேனில் வந்து, சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போன இடத்தில் வழுக்கி விழுந்தார். சாயங்கால வரவேற்புக்காக கால்மிதியை எடுத்துவிட்டுச் சோப்புத் தண்ணீர் ஊற்றியிருந்தார்கள். இடுப்பு எலும்பு முறிந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் கம்பி வைத்தார்கள்.

மண்டபத்தின் மேல் தப்பு என்பதில் சண்டை இல்லை. மண்டப மேனேஜர் மட்டும், "யானைக்கும் அடி சறுக்கும் சார், அதுக்கு நாங்க இன்னா பண்றது?" என்றார். யானை உங்கள் மண்டபத்தில் வந்து சாப்பிட்டதா என்று கேட்டேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

முதல் தடவை அந்த வீட்டுக்குப் போனபோது தெரு முழுக்கத் தறி ஓடிக்கொண்டிருந்தது. தடதடவென்று சுவரே அதிரும். ரேணுகாம்மா வீட்டுத் தறி மட்டும் சும்மா நின்றது, பாதி லுங்கியோடு. அவர் கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். அந்தச் சத்தத்தில் நான் கிட்டத்தட்டக் கத்தித்தான் கேள்வி கேட்டேன், அவரும் கத்தித்தான் பதில் சொன்னார்.

"யாரும்மா கூட இருந்து பாத்துக்கறாங்க?"

"யாரும் இல்ல சார்."

"ஆஸ்பத்திரில?"

"மொதல் நாள் கல்யாண வீட்டுக்காரங்க வந்தாங்க. அப்பறம் அவங்களுக்கு மறுவீடு அது இதுன்னு வேல. ஆந்திரா பக்கம் நகரியில தம்பி இருக்கான். ஒரு தபா வந்துட்டுப் போனான்."

"சோறு?"

"பக்கத்து வீட்டுப் பொண்ணு கொண்டாந்து வெச்சிட்டு ஓடிடும். தறிய வுட்டுட்டு எத்தினி நேரம் நிக்கும், பாவம்?"

காபி போடச் சொல்லவா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். தண்ணியாவது என்றார். அதுவும் வேண்டாம் என்றேன். அவர் முகம் கொஞ்சம் வாடியது. அதற்குப் பழகிப்போனவன் நான்.

அறையைச் சுற்றிப் பார்த்து, செல்போனில் போட்டோ எடுத்துக்கொண்டேன். கட்டில் தலைமாட்டுக் கம்பியிலிருந்து ஒரு கயிறு, தறியை ஒட்டி, கொல்லைக் கதவு வரைக்கும் கட்டியிருந்தது. அதில் ஒரு துண்டும் லுங்கியும் தொங்கின. துணிக்கொடி என்று நினைத்துக்கொண்டேன். துணிக்கொடியை யாராவது இடுப்பு உயரத்தில் கட்டுவார்களா? அந்த யோசனை எனக்கு வரவில்லை. தரையைப் பார்த்துப் பார்த்தே வளர்ந்த கண். எங்கே வழுக்கியது, எவ்வளவு ஈரம், என்ன செருப்பு என்று பார்க்கும். விழுந்தவர் அப்புறம் எப்படிக் கொல்லைக்குப் போகிறார் என்று பார்க்காது.

கணக்குப் போட்டேன். வைத்தியச் செலவு, சீட்டு இருந்தது. வருமானம், நூல் கொடுத்து வேலை வாங்குகிற முதலாளி எழுதிக் கொடுத்தார். வலிக்கு ஒரு தொகை. உதவியாளர் செலவு என்ற இடத்தில் ஒன்றுமில்லை. ரசீது இல்லை, பேர் இல்லை, ஆள் இல்லை. கேஸ் நீதிமன்றத்துக்குப் போனால், மகள் லீவு போட்டுப் பார்த்துக்கொண்டால்கூட அதற்கும் ஒரு விலை போடுவார்கள், அது சம்பளம் வாங்காத வேலையாக இருந்தாலும். ஆக, பார்த்துக்கொள்ள நாலு பேர் இருக்கிறவருக்கு நாலு பேருக்கும் சேர்த்துத் தொகை வரும். ஒருத்தருமே இல்லாதவருக்குப் பூஜ்யம். இது எவ்வளவு பெரிய அநியாயம் என்று அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை. வழக்கமாக எழுதுவதை எழுதினேன்.

நடுவில் இரண்டு விஷயம் நடந்தது. நகரித் தம்பி, "வீட்டையும் தறியையும் வித்துட்டு என்கூட வந்துடு, அவங்க குடுக்கறத வாங்கிகினு கையெழுத்துப் போடு" என்று அக்காவை நெருக்க ஆரம்பித்தார். மண்டப மேனேஜரோ, அந்தம்மாள் வீட்டுக்குள் தனியாக நடமாடுகிறார், கொல்லைக்குப் போய் வருகிறார், தெருவில் விசாரித்துவிட்டேன், எழுந்திருக்க முடியவில்லை என்பதெல்லாம் நாடகம் என்று கம்பெனிக்கு எழுதிப் போட்டார். கம்பெனி என்னைக் கூப்பிட்டு, சொல்லாமல் போய்ப் பார்த்துவிட்டு வா என்றது.

சொல்லாமல் போனேன். பையில் திருநீற்றுப் பொட்டலம் இருந்தது.

ரேணுகாம்மா கட்டிலில்தான் இருந்தார். என்னைப் பார்த்ததும் சந்தோஷப்பட்டார். அதுதான் எனக்குச் சங்கடம். சந்தேகப்பட்டு வந்தவனைப் பார்த்துச் சந்தோஷப்படுகிற ஆள் உங்களுக்கும் ஒருநாள் கிடைப்பார், அப்போது தெரியும். தம்பி நெருக்குவதை அவரே சொன்னார்.

"போனா நல்லாதானம்மா? கூட மனுஷங்க இருப்பாங்க" என்றேன்.

"அங்க போனா நான் ஒரு மூல சார். இங்க நான் வீட்டுக்காரி. காலைல ஒருத்தி, சாயந்திரம் ஒருத்தி வந்து என்ன எழுப்பி நடக்கவெச்சா போதும். தறிய ஓட்ட ஆள் போட்டுட்டு, நான் ஒக்காந்தபடியே நூல் சுத்தித் தருவேன். அதுக்கு வழி இருந்தா நான் ஏன் போறேன்?"

அவர் கேட்டது அவ்வளவுதான். வழி என்பது நான் பூஜ்யம் போட்ட இடத்தில் இருந்தது.

நான் தலையாட்டிவிட்டு, வந்த வேலையைப் பார்த்தேன். "மலைக்குப் போயிருந்தேன், பிரசாதம்" என்று பொட்டலத்தைப் பிரித்தேன். உட்கார்ந்தபடியே கையை நீட்டுகிறாரா, எழுந்து வருகிறாரா பார்க்கலாம் என்று வேண்டுமென்றே இரண்டடி தள்ளி நின்றேன்.

அந்தம்மாள் எழுந்தார். திருத்தணி முருகன் திருநீற்றை உட்கார்ந்துகொண்டு வாங்குவதாவது. துண்டையும் லுங்கியையும் ஒதுக்கித் தள்ளி, அந்தக் கயிற்றை இரண்டு கையாலும் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு, தன் உடம்பைத் தானே இழுத்து நிறுத்தினார். அப்போதுதான் கயிற்றைச் சரியாகப் பார்த்தேன். தறியில் மிச்சமாகிற நூலை முறுக்கிப் பின்னியது. கை பட்டுப் பட்டு அது வழவழவென்று கறுத்திருந்தது. கயிற்றைப் பிடித்தபடியே இரண்டு அடி வந்தார். வந்து என் முன்னால் நின்றார். இப்போது திருநீற்றை வாங்க வேண்டும். இடது கை மேல் வலது கையை வைத்துத்தான் வாங்குவது வழக்கம். கயிற்றை விட்டால் நிற்க முடியாது.

"ஒரு கையால வாங்கக் கூடாது சார்" என்றார். சொல்லிவிட்டு, கயிற்றை விட்டுவிட்டார்.

ஆடினார். நான் பொட்டலத்தைப் போட்டுவிட்டு இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டேன். திருநீறு தரையெல்லாம் கொட்டியது. அவரை உட்காரவைத்து, என் விரலில் ஒட்டியிருந்ததை அவர் நெற்றியில் வைத்தேன். வெட்கமாக இருந்தது. கனகம்மாசத்திரத்துக்காரரைப் பிடித்த தந்திரம், இங்கே என்னைத்தான் பிடித்தது.

"வாக்கர் குடுக்கலியா ஆஸ்பத்திரில?"

"ஆங், குடுத்தாங்க. அது அகலம் சார். தறிக்கும் செவுத்துக்கும் நடுவுல நொழையாது. அத்தொட்டு நானே கவுறு கட்டிகினேன். புடிச்சிகினு புடிச்சிகினு போவேன்."

"துணி போட்டிருந்துதே?"

"வர்ற போறவங்க கேப்பாங்க சார், இன்னாத்துக்குக் கவுறுன்னு. துணிய மாட்டிட்டா கேக்க மாட்டாங்க."

"வுழுந்துட்டா?"

"ரெண்டு மூணு தபா வுழுந்துட்டேன்."

"அப்ப யாரக் கூப்புடுவீங்க? செவுத்துக்கு அந்தப் பக்கமே வீடு இருக்குதே?"

ரேணுகாம்மா சிரித்தார். சுவரில் கையை வைத்துக் காட்டினார். சுவர் அதிர்ந்துகொண்டிருந்தது.

"கூப்ட்டா யாருக்கு சார் கேக்கும்? தறி ஓடுதே. கரண்ட் போவும் பாரு, அப்ப கூப்புடுவேன். அதுவரைக்கும் தரையிலயே இருப்பேன். நம்ம ஊர்ல முன்ன மாதிரி கரண்ட் போவறதும் இல்ல."

அடிபட்டவர்கள் அழுவார்கள், சபிப்பார்கள். இதெல்லாம் கேட்டுக் கேட்டுக் காது மரத்தவன் நான். ஆனால் கரண்ட் போவதற்காகத் தரையில் படுத்துக் காத்திருக்கிற ஒருத்தரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அங்கேயே, அந்தக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, கம்பெனிக் கிளை மேலாளருக்குப் போன் போட்டேன். நல்ல மனிதர், என்னைவிடச் சின்னவர். விதிப்படி மட்டும்தான் நடப்பார்.

"என்ன சார், நடக்கிறாங்களா இல்லையா?"

"நடக்கிறாங்க சார். கயித்தப் புடிச்சிகினு."

"என்ன? கேக்கல."

திரும்பச் சொன்னேன். கேட்கவில்லை என்றார். உதவியாளர் செலவு சேர்க்கணும் என்றேன். அதில் பாதிதான் அவருக்குப் போய்ச் சேர்ந்தது.

"அதுக்கு ரசீது இல்லன்னு நீங்கதானே எழுதிருக்கீங்க? பக்கத்துல வீடு இருக்குன்னும் நீங்கதான் எழுதிருக்கீங்க. ஒரு கூப்பாடு போட்டா வரப்போறாங்க. ஹலோ... ஹலோ... என்ன சார், மில்லுக்குள்ளயா இருக்கீங்க? ஒரு எழவும் கேக்கல. வெளிய வந்து பேசுங்க."

நான் போனை வாயோடு ஒட்டி, கையால் மூடிக்கொண்டு கத்தினேன். என் வேலைக்காலம் முழுக்க ஒரு மேலாளரிடம் நான் குரலை உயர்த்தியதில்லை.

"நான் வெளிய வந்துடுவேன் சார். அந்தம்மாவால வர முடியாது."

அது அவருக்குக் கேட்டிருக்கிறது. வைத்துவிட்டாரோ என்று நினைத்தேன், வைக்கவில்லை. தறிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். கடைசியில், "எழுதி அனுப்புங்க, பாக்கலாம்" என்றார்.

எழுதினேன். உதவிக்கு யாரும் வரவில்லை என்பதால் உதவி தேவைப்படவில்லை என்று ஆகாது, தேவை இருந்தும் வர ஆள் இல்லை, அதுதான் இந்தக் கேஸின் பெரிய நஷ்டம் என்று எழுதினேன். அந்தத் தெருவில் வீட்டுவேலைக்குப் போகிற பெண்ணுக்கு என்ன கூலியோ அதை வைத்துக் கணக்குப் போட்டேன். முதல் அறிக்கையில் நான் துணிக்கொடி என்று குறித்திருந்ததை அடித்துவிட்டு, அது எதற்கு என்று எழுதி, கயிற்றின் போட்டோவைச் சேர்த்தேன். மேலிடத்தில் நாலு கேள்வி கேட்டார்கள், கொஞ்சம் வெட்டினார்கள். ஆனால் அந்தப் பூஜ்யம் போனது. தம்பி நீட்டிய காகிதத்தில் ரேணுகாம்மா கையெழுத்துப் போடவில்லை.

ஒன்று சொல்லிவிடுகிறேன். இரக்கப்பட்டு எழுதுங்கள் என்று நான் சொல்லவில்லை. இரக்கத்துக்குக் கம்பெனி காசு தராது, தரவும் கூடாது. விழுந்த இடத்தோடு நின்றுவிடாதீர்கள் என்கிறேன். விழுந்தவர் அடுத்த நாள் காலையில் எப்படி எழுந்தார், யாரைக் கூப்பிட்டார், கூப்பிட்டது யாருக்குக் கேட்டது என்று கேளுங்கள். போட்டோவில் கயிறு தெரியும். எதற்கென்று தெரியாது.

ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள் பொதட்டூர்பேட்டைக்கு ஒரு துக்கத்துக்குப் போனேன். திரும்பும்போது கால் தானாக அந்தத் தெருவுக்குப் போனது. ரேணுகாம்மா வீட்டுத் தறி ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பெண் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னொருத்தி துணி உலர்த்திக்கொண்டிருந்தாள், அதே கயிற்றில். இப்போது அது தலைக்கு மேலே கட்டியிருந்தது. ரேணுகாம்மா நாற்காலியில் உட்கார்ந்து நூல் சுற்றிக்கொண்டிருந்தார், பக்கத்தில் ஒரு கைத்தடி.

"இப்பவாவது காபி குடிப்பியா நைனா?" என்றார். முதல் தடவையாக என்னை சார் என்று சொல்லவில்லை.

குடித்தேன். விழுந்தவர் வீட்டில் நான் குடித்த முதல் காபி. சர்க்கரை அதிகம். இன்னொன்று கேட்டு வாங்கிக் குடித்தேன்.

"ஊட்ல யாரு இருக்காங்க?" என்று கேட்டார்.

சம்சாரம் போய்ச் சேர்ந்துவிட்டாள், பெண்ணைப் பெங்களூரில் கட்டிக்கொடுத்திருக்கிறேன், நான் மட்டும்தான் என்றேன்.

ரேணுகாம்மா நூலை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"அப்ப நீ கூப்ட்டா யாருக்குக் கேக்கும்?"

எங்கள் தெருவில் தறி கிடையாது. நல்ல அமைதி. நான் கூப்பிட்டால் நாலு வீட்டுக்குக் கேட்கும். ஆனால் அந்த நாலு வீட்டிலும் நான் ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடித்தவன் இல்லை. எந்த உரிமையில் கூப்பிடுவேன்? டம்ளரைக் கீழே வைத்தேன்.

வேலையில் இருக்கும்வரை அந்த விதியைக் காப்பாற்றுங்கள், அதைக் கைவிடச் சொல்ல மாட்டேன். வேலை முடிந்த வீடுகளுக்கு மட்டும் ஒருமுறை திரும்பிப் போங்கள். அப்படியே திருத்தணிப் பக்கம் வந்தால், ரயிலடியில் இறங்கி யாரிடம் கேட்டாலும் என் வீட்டைக் காட்டுவார்கள். காபி சுமாராகத்தான் போடுவேன். கொஞ்ச நேரம் உட்கார்ந்து குடித்துவிட்டுப் போங்கள். என் பேரில் கேஸ் எதுவும் இல்லை.